டோக்கன் யார் கையில்?

ஜூன் 7

அன்புள்ள மனைவிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நீ போய்ச் சேர்ந்த தகவல் கிடைத்தது. விடுதிச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா, இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று எழுதவும். ஸ்டேஷன் போனில் பேசலாமே என்று கேட்டிருந்தாய். அந்தக் கம்பியில் நான் இருமினால் வழிநெடுக எல்லா ஸ்டேஷன் மாஸ்டர்களும் மருந்து சொல்வார்கள். கடிதமே மேல்.

வீட்டு நிலவரம். நீ சொல்லிவிட்டுப் போனபடி வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். சமையலும் பெருக்குவதும் என் பங்கு. தட்டு, டம்ளர் கழுவுவது மூத்தவன். காய்ந்த துணியை மடிப்பதும் பாட்டில்களில் தண்ணீர் நிரப்புவதும் சின்னவள். பத்து வயதும் ஏழு வயதும் செய்ய முடியாத வேலை இதில் எதுவும் இல்லை.

மூத்தவனுக்கு வக்கீல் என்று பெயர் வைத்தவர் யாரோ, தீர்க்கதரிசி. தட்டைக் கழுவினான். டம்ளரைத் தனியே எடுத்து வைத்தான். "இதுல நான் குடிக்கலையே. அவதானே குடிச்சா?" என்றான். அவள், "நான் பாதிதான் குடிச்சேன். மீதியை அப்பா குடிச்சார்" என்றாள். அந்த டம்ளர் மூன்று நாளாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. சின்னவள் பட்டாணியிடம் துணி மடிக்கச் சொன்னால் குவியல் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு, "வெயில் வாசனை வருதுப்பா" என்கிறாள். ஒரு கைக்குட்டையை மட்டும் மடித்தாள். அதுவும் அவளுடையது.

இரண்டு வண்டிகளை ஒரே தண்டவாளத்தில் மோதவிடாமல் இத்தனை வருடம் ஓட்டியவன் நான். ஒரு டம்ளரைக் கழுவவைக்க முடியவில்லை.

ஆனாலும் நீ கவலைப்படாதே. உன்னை ரயிலேற்றும்போது பேசிக்கொண்டதில் மாற்றமில்லை. டிசம்பர் பரீட்சை வரை வீடு என் பொறுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கணவன்

*

ஜூன் 16

அன்புள்ள 'என்னங்க'வுக்கு,

இங்கே நான் சௌக்கியம். இடுப்பு வலி ரயிலோடே போய்விட்டது. உங்கள் மூட்டு வலிக்குத் தைலம் அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கிறது, தேய்த்துக்கொள்கிறீர்களா? பட்டாணிக்கு யார் தலை பின்னிவிடுகிறார்கள்?

பிள்ளைகளிடம் உத்தரவு போடாதீர்கள். வீடு ஒன்றும் ஸ்டேஷன் இல்லை. "வர்றியா, சேர்ந்து செய்யலாம்" என்று கூப்பிட்டுப் பாருங்கள். என்னிடம் அப்படித்தான் செய்வார்கள். (செய்வார்கள் என்று நான் சொல்வதில் பாதி நான் செய்தது. அதை நீங்கள் கண்டுபிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.)

எக்ஸ்ரே படிப்பு கடினம்தான். எலும்பின் பெயர் ஒவ்வொன்றும் நாக்கைச் சுளுக்க வைக்கிறது. ஆஸ்பத்திரியில் இத்தனை வருடம் நோயாளியைத் தள்ளுவண்டியில் எக்ஸ்ரே அறைக் கதவு வரைக்கும் கொண்டுபோய் விட்டவள் நான். இப்போது கதவுக்கு உள்ளே நிற்கிறேன். நம் ஊர் ஆஸ்பத்திரியில் இயக்க ஆளில்லாமல் துணி போர்த்தி மூடிக்கிடக்கிற அந்த மெஷின் ஞாபகத்துக்கு வரும்போதெல்லாம் இன்னும் ஒரு பக்கம் படிக்கிறேன்.

எங்கள் ஆசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார்: "பரீட்சை வரைக்கும் லீவு கிடையாது. நடுவுல போறவங்க போகலாம். ஆனா திரும்பி வந்தா இந்த நாற்காலி இருக்காது." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

உங்களுக்குச் சமாளிக்க முடியாவிட்டால் ஒரு வரி எழுதுங்கள். நாற்காலி போனால் போகிறது. அன்றைக்கே கிளம்பிவிடுவேன்.

உங்கள் மனைவி

*

ஜூன் 27

அன்புள்ள மனைவிக்கு,

சுகம். தைலம் கிடைத்தது. பட்டாணிக்குத் தலை பின்னுவது நான்தான். ஒரு பின்னல் கிழக்கேயும் ஒரு பின்னல் மேற்கேயும் போகிறது என்று அவள் பள்ளிக்கூடத்தில் பேச்சாம். நீ கண் விழித்து அதிகம் படிக்காதே.

"சேர்ந்து செய்யலாம்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். சேர்ந்து நின்றார்கள். நான் செய்தேன்.

ஆகவே எனக்குத் தெரிந்த வழிக்கு வந்துவிட்டேன். நம் லைன் ஒற்றைத் தண்டவாளம். டிரைவர் கையில் டோக்கன் இல்லாமல் எந்த வண்டியும் செக்‌ஷனுக்குள், அதாவது அடுத்த ஸ்டேஷன் வரையிலான லைனுக்குள், நகராது. டோக்கன் ஒருவர் கையில் இருக்கும்போது இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. சண்டைக்கே இடமில்லை. இதை ஏன் வீட்டில் செய்யக்கூடாது?

உன் அலமாரிக் கதவிலிருந்து ஒரு பித்தளைக் குமிழ் கழன்று கழன்று விழுமே, அதுதான் டோக்கன். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அன்றைய வேலைக்குப் பொறுப்பு. பாத்திரம், துணி, தண்ணீர் எல்லாம் அவர் தலையில். முடித்ததும் "லைன் கிளியர்" என்று சத்தமாகச் சொல்லி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். டோக்கன் இல்லாதவர் குறுக்கே வரக்கூடாது.

பிள்ளைகள் பிறந்ததிலிருந்து ரயில் பார்த்தவர்கள். சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். மூத்தவன் நேற்று டம்ளரெல்லாம் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தான். பட்டாணி துணியை மடித்துவிட்டு வாசலில் நின்று கத்திய "லைன் கிளியர்" பிளாட்பாரம் வரை கேட்டது. கிளம்பத் தயாராக நின்ற கூட்ஸ் வண்டியின் கார்டு தலையை நீட்டிப் பார்த்தார்.

வீடு ஸ்டேஷன் இல்லை என்று எழுதியிருந்தாய். இப்போது ஆகிவிட்டது. நீ நிம்மதியாக எலும்புகளைப் படி.

உன் ஸ்டேஷன் மாஸ்டர்

*

ஜூலை 13

அன்புள்ள மனைவிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான். நீ சுகம் என்று நம்புகிறேன்.

முன் கடிதத்தில் நான் அடித்துக்கொண்ட தம்பட்டத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

நேற்று காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஷேவ் செய்துகொண்டிருந்தேன். கருகிய வாசனை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பால் பொங்கி அடுப்பு மேடையெல்லாம் ஓடுகிறது. வக்கீல் அதற்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, வேடிக்கை பார்த்தபடி நிற்கிறான்.

"ஏன்டா, கண்ணு தெரியலையா? அடுப்பை அணைச்சா என்ன?"

"டோக்கன் பட்டாணிகிட்ட இருக்குப்பா. நான் எப்படி உள்ள வர்றது?"

பட்டாணி குளியலறையில். அங்கிருந்தே கத்துகிறாள்: "நான் குளிக்கிறேன்! அவன் தொட்டா ஆக்சிடென்ட்!"

நான் அடுப்பை அணைத்துத் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அவள் ஈரத் தலையோடு வந்து என் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். "அப்பா, டோக்கன் இல்லாம நீங்க எப்படி செக்‌ஷனுக்குள்ள வந்தீங்க?"

முகத்தில் பாதி சோப்பு நுரையோடு நான் அவளிடம் டோக்கன் கேட்டு வாங்கி, பாலைத் துடைத்து, லைன் கிளியர் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். இதை யாரிடமும் சொல்லாதே. ஆனால் சொல்லாமல் பயனில்லை. தண்டவாளம் மாற்றிவிட்டு வந்த பாயிண்ட்ஸ்மேன் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார். "சார், டிரைவர் தப்பு பண்ணா நீங்க எழுதி வாங்குவீங்களே. பாப்பா உங்ககிட்ட எழுதி வாங்கலையா?" என்கிறார். லைன் முழுக்கப் பரவிவிட்டது. நேற்று மாலை அடுத்த ஸ்டேஷன்காரர் போனை எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி: "பால் வண்டி வந்துடுச்சா?"

கையில் இருக்கும்போது வேலை செய்கிறார்கள், மறுக்கவில்லை. இல்லாதபோது ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை. காலடியில் விழுந்த சட்டையைத் தாண்டிப் போகிறார்கள். சட்டம் போட்டவன் நான். நானே எப்படி மீறுவது?

இப்படிக்கு,
டோக்கன் இல்லாதவன்

*

ஜூலை 22

அன்புள்ள 'என்னங்க'வுக்கு,

நலமாக இருக்கிறேன். உங்கள் மனசும் உடம்பும் தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். என் அறைத் தோழி ஒருத்தி, நர்ஸ், மூன்று பிள்ளைக்காரி, விக்கலே வரும்வரை சிரித்தாள். "உங்க வீட்டுக்காரர் எழுதற கடிதம் வந்தா எனக்கு முதல்ல காட்டணும்" என்று சொல்லிவைத்திருக்கிறாள்.

சிரித்து முடித்துப் படுத்த பிறகு ஒன்று தோன்றியது. நீங்கள் மூன்று கடிதம் எழுதிவிட்டீர்கள். டம்ளர் பற்றி எழுதினீர்கள், பால் பற்றி எழுதினீர்கள், பாயிண்ட்ஸ்மேன் என்ன சொன்னார் என்பது வரை எழுதினீர்கள். பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்களா என்று ஒரு வரி எழுதவில்லை.

கேட்கவில்லை என்றாலும் எழுதுங்கள். தெரிந்துகொள்ளத்தான்.

பரீட்சைக்கு முன்னோட்டமாக ஒரு தேர்வு வைத்தார்கள். பாஸ் செய்துவிட்டேன்.

உங்கள் மனைவி

*

ஜூலை 30

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா. இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

நான் இன்று எல்லா வேலையும் முடித்துவிட்டேன். துணி மடித்தேன். அண்ணன் சட்டையும் மடித்தேன். தண்ணீர் பிடித்தேன். தட்டு கழுவினேன். ஒரு தட்டு விழுந்தது. உடையவில்லை.

டோக்கனை அண்ணனிடம் கொடுக்கவில்லை. கவரில் போட்டிருக்கிறேன். கவர் கிழியாமல் இருக்கப் பஞ்சு வைத்திருக்கிறேன். பாயிண்ட்ஸ்மேன் மாமா தபாலில் போடுவார். உள்ளே என்ன என்று அவருக்குச் சொல்லவில்லை. அப்பாவுக்கும் தெரியாது.

இப்போது டோக்கன் உன் கையில் இருக்கிறது. டோக்கன் இருந்தால் வண்டி கிளம்ப வேண்டும்.

லைன் கிளியர். லைன் கிளியர். லைன் கிளியர்.

பட்டாணி

*

ஆகஸ்ட் 14

அன்புள்ள மனைவிக்கு,

நலமா? முன்னோட்டத் தேர்வில் பாஸ் செய்ததற்குச் சந்தோஷம். எனக்கு மூட்டு வலி திரும்ப வந்துவிட்டது. அலமாரி, கட்டில், சாக்கடை வாய் என்று எல்லாவற்றுக்கும் அடியில் குனிந்து தேடினால் வராமல் என்ன செய்யும்.

டோக்கனைக் காணவில்லை.

கடைசியாகப் பட்டாணி கையில் இருந்தது. கேட்டால், "முடிச்சுட்டு லைன் கிளியர் சொல்லிட்டேனே" என்கிறாள். யாரிடம் சொன்னாய் என்றால் ஓடிவிடுகிறாள். வக்கீல் தன்னிடம் வரவில்லை என்று சத்தியம் செய்கிறான். செய்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டான். டோக்கன் வெளியே போய்த் திரும்பாவிட்டால் செக்‌ஷன் மூடிக்கிடக்கும், யாரும் நகரக்கூடாது என்று எனக்கே பாடம் எடுக்கிறான். பாத்திரம் தொட்டி நிறைந்து மேடைக்கு வந்துவிட்டது. துணிக் குவியல் நாற்காலி உயரத்துக்கு இருக்கிறது. அவர்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, சொந்த வீட்டில் திருடன் மாதிரி, அவசரத்துக்கு நாலு தட்டு கழுவுகிறேன். சாயங்காலம் வந்து, "எண்ணிக்கை குறையுதே" என்கிறான்.

"இன்னொரு குமிழ் வெச்சுக்கலாமே சார். கடையில கிலோக் கணக்குல கிடைக்குதே" என்றார் பாயிண்ட்ஸ்மேன். அவருக்குச் சுலபம். ஒரு டோக்கன் வெளியே இருக்கும்போது இன்னொன்றைக் கையில் எடுப்பது என் தொழிலில் நினைத்துக்கூடப் பார்க்கக்கூடாதது. வீட்டு விளையாட்டுதான். ஆனாலும் கை வரவில்லை. அப்படிச் செய்ய வேண்டுமானால் மேலதிகாரி எழுதித் தர வேண்டும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வக்கீல் பிடித்துக்கொண்டான். "நம்ம வீட்டுக்கு மேலதிகாரி அம்மாதானே? அம்மா எழுதித் தரட்டும்."

ஆகவே, 'புது டோக்கன் வைத்துக்கொள்ளலாம்' என்று கையெழுத்துப் போட்டு ஒரே ஒரு வரி அனுப்பு. உடனே அனுப்பு. எலி வருவதற்குள் அனுப்பு.

இந்த அமளியில் நிம்மதியாக இருப்பது பட்டாணி மட்டும்தான். "வந்துரும்பா" என்கிறாள். மாலை பாசஞ்சர் வரும் நேரத்துக்குக் கிழக்கும் மேற்கும் போகிற பின்னலோடு பிளாட்பாரத்துக்கு வந்துவிடுகிறாள். கடைசிப் பெட்டி வரை பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறாள். எதற்கென்று தெரியவில்லை.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
கணவன்

*

செப்டம்பர் 5

அன்புள்ள 'என்னங்க'வுக்கு,

சுகமாக இருக்கிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும். பாடம் அதிகம்.

தேடுங்கள். கிடைக்கும்.

நான் இங்கே வரும்போது நீங்கள் வாங்கிக் கொடுத்த ரயில்வே பாஸ், திரும்பி வருவதற்கு எந்தத் தேதி வரை செல்லும்? மாலை பாசஞ்சர் நேரம் மாறவில்லையே?

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மூட்டுக்குத் தைலம் தேய்க்கவும்.

உங்கள் மனைவி

*

செப்டம்பர் 15

மனைவிக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

ஒரு மாதம் காத்திருந்து பிரித்தால் இந்தக் கடிதம். ஒரு வரி கேட்டேன். அந்த ஒரு வரியைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது. 'தேடுங்கள், கிடைக்கும்' என்று சொல்ல நீ என்ன ஜோசியக்காரியா என்று கோபத்தில் வாய்விட்டே கேட்டுவிட்டேன். பாயிண்ட்ஸ்மேன் கொடி சுற்றிக்கொண்டிருந்தார். "என்ன சார் தேடறீங்க, இன்னும் அந்தக் குமிழா?" என்றார். பிறகு கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "பாப்பா அம்மாவுக்கு ஒரு கவர் போடச் சொல்லிச்சு சார். கனமா இருந்துச்சு. தபாலாபீஸ்ல நிறுத்துப் பார்த்து ரெண்டு ஸ்டாம்ப் சேர்த்து ஒட்டச் சொன்னாங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு பாப்பா சொல்லிச்சு" என்றார்.

டோக்கன் உன்னிடம் இருக்கிறது. ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து இருக்கிறது. நான் சாக்கடைக்குள் கை விட்டுத் துழாவிய கதையைப் படித்தபோதும் உன்னிடம்தான் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் நான் சொல்லாததைச் சொல்ல வேண்டும். நீ ஜூலையில் ஒரு கேள்வி கேட்டாய். கேட்கிறார்கள். நீ போன அன்றிலிருந்து கேட்கிறார்கள். டம்ளர் கழுவச் சொன்னால், "அம்மா எப்ப வருவாங்க, சொல்லுங்க, கழுவறேன்" என்பான் மூத்தவன். துணி மடிக்கச் சொன்னால் உன் புடவையை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொள்வாள் சின்னவள். ஜூன் மாதமே இருவரையும் உட்காரவைத்து, இனி இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்று தடை போட்டேன். இதை எழுதியிருந்தால் நீ அடுத்த வண்டியில் வந்து இறங்கியிருப்பாய். அதனால்தான் டம்ளர் பற்றி மட்டும் எழுதினேன். கேள்வி கேட்கத் தடை இருந்ததால் அவள் டோக்கனை அனுப்பியிருக்கிறாள்.

இப்போது ஸ்டேஷன் மாஸ்டராகச் சொல்கிறேன். டோக்கனை வாங்கிய டிரைவர் வண்டியை எடுக்க வேண்டும். எடுக்க முடியாவிட்டால் டோக்கனைத் திருப்பித் தர வேண்டும். இரண்டும் செய்யாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றால் லைன் முழுக்க நின்றுபோகும். இங்கே நின்றுபோயிருக்கிறது.

வா என்றோ வராதே என்றோ நான் எழுதப்போவதில்லை. அது உன் நாற்காலி. பாஸ் ஜனவரி வரை செல்லும். பாசஞ்சர் நேரம் மாறவில்லை.

கணவன்

*

செப்டம்பர் 26

அன்புள்ள 'என்னங்க'வுக்கு,

நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம்தான். இப்போது உண்மையாகவே.

கவர் வந்த அன்று பஞ்சைப் பிரித்துக் குமிழைக் கையில் எடுத்ததும் பெட்டியைக் கட்டிவிட்டேன். பிறகு அவிழ்த்தேன். உங்கள் ஆகஸ்ட் கடிதம் வந்தது. தொட்டி நிறையப் பாத்திரம், நாற்காலி உயரத்துக்குத் துணி என்று படித்தேன். எனக்கு வந்திருக்க வேண்டியது கவலை. வந்தது சந்தோஷம். நான் இல்லாமல் வீடு நின்றுவிட்டது என்று ஒரு சந்தோஷம். அப்படி ஒரு ஆள் எனக்குள் இருப்பது தெரிந்து வெட்கமாக இருந்தது. உங்களுக்கு எழுதாததற்கு அதுதான் காரணம். அந்த ஒரு வரியை எழுதினால் அவள் அனுப்பிய டோக்கனுக்கு மதிப்பு போய்விடும். திருப்பி அனுப்பினால் பட்டாணிக்கு 'நான் வரவில்லை' என்று எழுதியதாகிவிடும். இரண்டும் செய்யாமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

உங்கள் கடிதம் வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியை மறுபடி கட்டி ஸ்டேஷனுக்கே போய்விட்டேன். பாஸில் தேதி குறிக்க வேண்டிய டிக்கெட் கவுண்டர் இன்னும் திறக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். இந்த ஊரும் ஒற்றைத் தண்டவாளம்தான். ஸ்டேஷனுக்குள் வண்டி ஒதுங்கி நிற்கிற பக்கத்து லைனில் ஒரு கூட்ஸ் நின்றிருந்தது. டிரைவர் இறங்கி, நிழலில் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?" என்று கேட்டேன். "காலையிலிருந்தும்மா. எதிர் வண்டி போனாத்தான் நமக்கு. கிராசிங்" என்றார். "வீட்டுக்குப் போக லேட்டாகுமே?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "லேட்டாத்தான் ஆகும். அதுக்காகப் போகாம இருப்பேனா?"

பன்னிரண்டு வருடம் ஸ்டேஷன் மாஸ்டருக்கு வாழ்க்கைப்பட்டவள், இதைத் தெரிந்துகொள்ள வேறு ஊருக்கு வர வேண்டியிருந்தது. அவர் கையில் டோக்கன் இல்லை. அதனால் அவர் வராதவர் ஆகிவிடவில்லை.

கவுண்டர் திறந்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்பிவிட்டேன். என் அறைத் தோழி பெட்டியை அவிழ்க்க உதவினாள்.

பட்டாணிக்குத் தனியே எழுதியிருக்கிறேன். பிரிக்காமல் அவளிடம் கொடுங்கள். அந்தக் கேள்விக்குப் போட்ட தடையை எடுத்துவிடுங்கள். கேட்கட்டும். நானே பதில் எழுதுகிறேன்.

உங்கள் மனைவி

*

செப்டம்பர் 26

என் பட்டாணிக்கு,

அம்மா சுகம். இடுப்பு வலி இல்லை. நீயும் அண்ணனும் சுகமா?

நீ பஞ்சு வைத்து அனுப்பியதால் டோக்கனில் ஒரு கீறல்கூட இல்லை. இத்தனை நாள் பதில் எழுதாதது அம்மாவின் தப்பு.

இப்போது அம்மா சொல்வதை ஸ்டேஷன் வீட்டுப் பெண்ணாக யோசித்துப் பார். பக்கத்து லைனில் கிராசிங்குக்கு நிற்கிற வண்டியைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? எதிரே ஒரு வண்டி போகும் வரைக்கும் அது நிற்கும். அப்படி நின்ற எந்த வண்டியாவது அப்புறம் வராமலே போயிருக்கிறதா? அப்பாவைக் கேள். பாயிண்ட்ஸ்மேன் மாமாவையும் கேள்.

அம்மா கிராசிங்கில் நிற்கிறேன். பரீட்சை என்கிற வண்டி போக வேண்டும். அது டிசம்பரில் போகும். போனதும் அம்மா வண்டி கிளம்பும்.

நிற்கிற வண்டி டோக்கனை வைத்துக்கொள்ளக்கூடாது. அதனால் திருப்பி அனுப்புகிறேன். அதை என்ன செய்வது என்று நீயே முடிவு செய். உனக்குத்தான் அனுப்புகிறேன்.

தினமும் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டாம். கால் வலிக்கும்.

அம்மா

*

அக்டோபர் 12

அன்புள்ள மனைவிக்கு,

நலம். நலம் என்று எழுதும்போதே எரிச்சல் வருகிறது. காரணம் கீழே.

கவரைப் பிரிக்காமல் கொடுத்தேன். அவள் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள். அழுதாள். மறைக்கப்போவதில்லை, நன்றாக அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கிராசிங்ல நின்ன வண்டி வராமப் போயிருக்காப்பா?" என்று கேட்டாள். என் சர்வீஸில் இல்லை என்றேன். நம்பாமல் பாயிண்ட்ஸ்மேனிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

வந்தவள் டோக்கனை அண்ணனிடமும் கொடுக்கவில்லை, தானும் வைத்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, உன் அலமாரிக் கதவில் அதன் பழைய இடத்திலேயே வைத்துத் திருகிவிட்டாள். வக்கீல் விடுவானா? "ஏய், அப்ப யாரு வேலை செய்யறது?" என்றான்.

"எல்லாரும்தான்."

"டோக்கன் இல்லாமயா?"

"லூசு. டோக்கன் அதோட இடத்துல இருந்தாத்தானே அம்மா வண்டிக்கு லைன் கொடுக்க முடியும்? அதுக்கு லைன் காலியா இருக்கணும். பாத்திரம் நிக்குது பாரு. துணி நிக்குது பாரு. இதெல்லாம் லைன்ல நின்னா அம்மா எப்படி வருவாங்க?"

வக்கீல் நேராகப் போய்த் தொட்டி முன்னால் நின்றான்.

இப்போது என் பாட்டைக் கேள். செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தால் அடுத்த நிமிஷம் காணோம். டீ குடித்து முடிப்பதற்குள் டம்ளர் பிடுங்கப்படுகிறது. நேற்று வேலைக்குப் போகிற அவசரத்தில் துண்டைக் கட்டில் மேல் போட்டுவிட்டேன். மூத்தவன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டான். பயணிகள் டிக்கெட்டுக்கு நிற்கிறார்கள். "அப்பா, இது மெயின் லைன்ல நின்னுச்சு" என்கிறான். நாலு மாதம் ஒரு டம்ளரைக் கழுவவைக்க முடியாமல் அலுத்தேன். இனி டிசம்பர் வரை நான் ஒரு டம்ளரை நிம்மதியாகக் கீழே வைக்க முடியாது.

தடையை எடுத்துவிட்டேன். ஆனால் இருவரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கிராசிங் முடிந்தால் வண்டி வரும், இதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி இருக்கிறார்கள்.

பரீட்சை முடிந்து எந்தத் தேதியில், எந்த வண்டியில் கிளம்புகிறாய் என்று எழுது. இதைப் பிள்ளைகள் கேட்கச் சொல்லவில்லை. நான்தான் கேட்கிறேன்.

உன் கணவன்